சான்ஸே இல்லாத முள்ளம்பன்றி

ஒரு காட்டில், அது எந்தக் காடு என்று மட்டும் கேட்காதீர்கள், சொன்னால் நாளைக்கே அங்கே ஒரு கோச்சிங் சென்டர் திறந்துவிடுவார்கள், ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் இருந்தது. அப்பா தணிகாசலம், அம்மா பவளம், ஒரே மகள் கூர்மதி.

கூர்மதிக்கு டாக்டராக வேண்டும். இதில் என்ன அதிசயம், வீட்டுக்கு விருந்தாளி வந்து கேட்டால் காட்டிலுள்ள எல்லாக் குட்டிகளும் இதைத்தான் சொல்லும். ஆனால் கூர்மதியின் காரணம் வேறு. முள்ளம்பன்றிக்கு யாரும் கை கொடுப்பதில்லை. பிறந்தநாள் என்றால்கூடத் தள்ளி நின்று கத்திவிட்டுப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்தபோது அதற்கு மட்டும் தனியாக ஒரு போட்டோ எடுத்து, அதை குரூப் போட்டோ என்றே சொல்லிக் கொடுத்தார்கள்.

"டாக்டர்கிட்டதாம்மா எல்லாரும் தானா வந்து கையை நீட்டுவாங்க. நாடி பார்க்கணும்ல?" என்று ஒருநாள் அது அம்மாவிடம் சொல்லியே விட்டது. "அதுக்காகவாவது நான் டாக்டர் ஆகணும்."

பவளம் ஓடி வந்தது. மகளைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லலாம் என்றால் அதுவும் முள்ளம்பன்றிதானே. பாவம், தள்ளி நின்றே அழுதது.

நுழைவுத் தேர்வு வந்தது. விடைத்தாளில் சின்னச் சின்ன வட்டங்கள். சரியான வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். கூர்மதி ராப்பகலாகப் படித்த பிள்ளை, விடையெல்லாம் அத்துப்படி. ஆர்வமாகக் குனிந்து முதல் வட்டத்தை நிரப்பியது. குனிந்த வேகத்தில் நெற்றி முள்ளெல்லாம் தாளில் குத்தி, பக்கத்து வட்டங்களில் ஓட்டை போட்டுவிட்டது. திருத்துகிற மெஷினுக்குக் கறுப்பு வட்டமும் ஒன்றுதான், ஓட்டையும் ஒன்றுதான். தப்பு விடைக்கு மைனஸ் மார்க் வேறு.

ரிசல்ட் வந்தது. ஆயிரத்துக்கு ஐந்நூற்றுப் பதினொன்று.

இது ஒரு மாதிரியான மார்க். ஃபெயில் என்று ஒரேயடியாக அழுது முடிக்கவும் முடியாது, ஸ்வீட் வாங்கிக்கொண்டு நாலு வீட்டுக்குப் போகவும் முடியாது. சொந்தக்காரர்கள் கேட்டால், "ஏதோ... வாங்கியிருக்கா" என்று இழுக்க வேண்டிய மார்க். காட்டு மருத்துவக் கல்லூரியில் இருப்பதோ மொத்தமே ஐந்து சீட். கவுன்சிலிங் நாள்வரை யாருக்கும் காட்டாத தரவரிசையில் கூர்மதிதான் கடைசி.

பக்கத்துப் புதரில் தேஜஸ்வின் என்றொரு முயல் இருந்தது. அதுதான் காட்டிலேயே முதல் மார்க், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. அந்த வீட்டில் மூன்று நாளாக அடுப்பு பற்ற வைக்கவில்லை. போன நாலு மார்க்குக்குத் துக்கம்.

"நம்மளா எதுக்கு மண்டையைப் போட்டு உடைச்சுக்கணும்? விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுடுவோம்" என்றது தணிகாசலம். மூன்று பேரும் கிளம்பிப் போனார்கள்.

விஷயம் தெரிந்தவர் என்பது வண்ணமுத்து என்ற பச்சோந்தி. புங்க மரத்துக் கிளையில் ஆபீஸ். 'உங்கள் மார்க்குக்கு மெடிக்கல் சீட் கிடைக்குமா? பார்த்த மாத்திரத்தில் சொல்லப்படும். ஃபீஸ்: ஒரு வெட்டுக்கிளி' என்று போர்டு. பச்சோந்திக்கு ஒரு வசதி பாருங்கள், இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சுழற்றலாம். ஒரு கண் உங்கள் மார்க்கைப் பார்க்கும். இன்னொரு கண் அதே நேரத்தில் போன வருஷத்து கட்-ஆஃபைப் பார்க்கும். வேறு எந்த மிருகம் இந்தத் தொழிலுக்கு லாயக்கு?

இவர்களுக்கு முன்னால் முயல் தேஜஸ்வின் நின்றிருந்தது.

"தம்பி, உனக்கு சான்ஸ் தொண்ணூற்றொன்பது சதவீதம்" என்றது வண்ணமுத்து.

முயலின் காது இரண்டும் தொங்கிவிட்டது. "அப்ப அந்த ஒரு சதவீதம்?"

"அது சும்மா ஒரு பேச்சுக்குப்பா."

"பேச்சுக்குன்னா? அந்த ஒண்ணுல நான் மாட்டிக்கிட்டா? யார் சார் பொறுப்பு?" என்று கேட்டுவிட்டு, முயல் அங்கேயே மயங்கி விழுந்தது. அதை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்தது யாரு?" என்றது வண்ணமுத்து.

கூர்மதி மார்க் ஷீட்டை நீட்டியது. பச்சோந்தியின் ஒரு கண் இந்தப் பக்கம் போயிற்று, இன்னொன்று அந்தப் பக்கம் போயிற்று. அப்புறம் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இரண்டு கண்ணும் ஒன்றாகத் திரும்பி அந்த ஐந்நூற்றுப் பதினொன்றில் வந்து நின்றன. பச்சோந்தி பச்சையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து வெளுத்தே போய்விட்டது.

"சான்ஸே இல்ல!" என்றது.

இங்கேதான் கதை தடம் புரள்கிறது. தணிகாசலத்தின் வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். கிழங்கு பதமாக வெந்தால் "சான்ஸே இல்ல." மழை விட்டு வெயில் அடித்தால் "சான்ஸே இல்ல." கல்யாண வீட்டில் மேளம் நன்றாக இருந்தால் "அடடா, சான்ஸே இல்லப்பா!" அதனால் தணிகாசலம் துள்ளிக் குதித்தது.

"பவளம், கேட்டியா? சான்ஸே இல்லயாம்! பிரமிச்சுப் போய் ஆளே கலர் மாறிட்டாரு பாரு!"

வண்ணமுத்து திகைத்தது. "ஐயா, நான் சொன்னது வேற. வாய்ப்பே இல்லன்னு..."

"பாத்தியா, தமிழ்லயும் ஒரு தடவை சொல்றாரு!"

"கட்-ஆஃப் எங்கயோ இருக்குங்க!"

"என் பொண்ணு எங்கயோ போயிடுவான்னு எனக்கு அப்பவே தெரியும்!"

"இந்த மார்க்கை வச்சுக்கிட்டு எந்தத் தைரியத்துல என்கிட்ட வந்தீங்க?"

"பின்ன? இந்த மார்க்கை வச்சுக்கிட்டு யாருக்குங்க பயப்படணும்?"

பச்சோந்திக்கு வாய் குழறியது. "எனக்கு... எனக்குச் சொல்ல வார்த்தையே இல்லங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். கிளம்புங்க."

"பவளம்! இவ்வளவு பெரிய மனுஷன் நம்மளைக் கும்பிடறாரும்மா!" என்று தணிகாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டு வெட்டுக்கிளியாக ஃபீஸ் வைத்தது.

கூர்மதிக்குப் புரிந்துவிட்டது. அதற்குத் தமிழும் தெரியும், கணக்கும் தெரியும். இனி ஒரு கையும் தன் பக்கம் நீளப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டே அப்பாவின் பின்னால் நடந்தது. வழியில் மெதுவாக ஆரம்பித்தது. "அப்பா, அவரு அந்த அர்த்தத்துல சொல்லலப்பா."

"அடக்கத்தைப் பாரு என் தங்கத்துக்கு!" என்றது தணிகாசலம். அது அப்படிச் சிரித்துக் கூர்மதி பார்த்ததே இல்லை. முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, போகிற வழியில் எதிர்ப்பட்ட நத்தையை நிறுத்தி விஷயத்தைச் சொல்லி, நத்தை "சரிங்க" என்று சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தது. இந்த அப்பாவிடம் போய் என்னத்தைச் சொல்ல?

மறுநாள் காலையில் ஆற்றுக்குப் போகிற பாதையில் இரண்டு தேக்கு மரத்துக்கு நடுவே ஒரு பேனர் தொங்கியது. 'காட்டின் தலைசிறந்த கன்சல்டன்ட் வண்ணமுத்து அவர்களே சான்ஸே இல்ல என்று வியந்த எங்கள் குலக்கொழுந்து, வருங்கால மருத்துவர் கூர்மதியை வாழ்த்துகிறோம். இவண்: அகில வன முள்ளம்பன்றிகள் முன்னேற்றச் சங்கம்.' அடியில் சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாரும் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நடுவில் கூர்மதியின் அந்தத் தனி போட்டோ, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வரைந்து ஒட்டியிருந்தது. மார்க் மட்டும் எங்கேயும் இல்லை.

தண்ணீர் குடிக்க வந்த முயல் அதைப் படித்தது. இன்னொரு தடவை படித்தது.

"என்கிட்ட சான்ஸ் இருக்குன்னுதானே சொன்னாரு? சான்ஸே இல்லன்னு சொல்லலையே!" என்று பக்கத்திலிருந்த மானைப் பிடித்து உலுக்கியது. மான்தான் இரண்டாவது மார்க்.

"எனக்கும் அதேதான்! வெறும் சான்ஸ்தான் இருக்காம்!" என்று மான் விசும்பியது. "அப்ப அந்த முள்ளம்பன்றி எவ்வளவு வாங்கியிருக்கும்?"

"ஆயிரத்துக்கு மேல போயிருக்கும்."

"ஆயிரத்துக்கு மேல எப்படிப்பா போகும்?"

"கன்சல்டன்ட்டே கும்பிட்டாராம். அப்புறம் என்ன?"

பேச்சு காடு முழுக்கப் பரவிவிட்டது. கட்-ஆஃப் ஆயிரத்து இருபது என்றது மந்தி. இல்லை, ஆயிரத்து ஐம்பது, எங்கள் மாமா கல்லூரி வாசலிலேயே படுத்திருக்கிறார், அவருக்குத் தெரியும் என்றது நரி. எல்லாரும் புங்க மரத்தடிக்கு ஓடினார்கள். "அந்தப் பொண்ணைப் பார்த்து நீங்க சான்ஸே இல்லன்னு சொன்னது நிஜமா?"

வண்ணமுத்து உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தது. கீழே பார்த்தது. க்யூ ஆற்றங்கரை வரை நின்றது. ஒவ்வொருவர் கையிலும் வெட்டுக்கிளி துள்ளிக்கொண்டிருந்தது. பேனரில் தன் பெயர் வேறு கொட்டை எழுத்தில். பச்சோந்தி மெல்லப் பொன்னிறமாக மாறியது.

"சொன்னேன். என் வாயால நான்தான் சொன்னேன்" என்றது.

அது பொய்யில்லையே!

"அப்ப எங்களுக்கு?"

"உங்களுக்கெல்லாம் சான்ஸ் இருக்குப்பா" என்றது. கூட்டத்தில் ஒரே அழுகை.

அந்த வாரத்தில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள் எல்லாம் புத்திசாலித்தனமாக முடிவெடுத்தன. தேஜஸ்வின் முயல், எதற்கு ரிஸ்க் என்று இன்னொரு வருஷம் படித்துத் திரும்ப எழுதுவதற்காகக் கோச்சிங்கில் சேர்ந்தது. மான் இன்ஜினியரிங்குக்குப் போனது, கொம்பு இருப்பவர்களுக்கு டவர் நன்றாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம். மந்தி பி.காம். மிச்சம் இருந்தவர்கள், இவ்வளவு பெரிய அறிவாளிகளே விலகிவிட்டார்களே, நாம் எம்மாத்திரம் என்று விலகிக்கொண்டார்கள். கணக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், பாவம்.

கவுன்சிலிங் நாள் வந்தது. கல்லூரியின் டீன் கரடியார் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, ரேங்க் வரிசையில் பெயர் கூப்பிட்டார்.

"தேஜஸ்வின்!"

பதில் இல்லை. அடுத்த பெயருக்கும் இல்லை, அதற்கடுத்ததற்கும் இல்லை. கரடியாருக்கு வியர்த்தது. சீட் காலியாக இருந்தால் சிங்கராஜா கல்லூரியை மூடிவிட்டு, கட்டடத்தைத் தன் அத்தை மகனுக்குக் கல்யாண மண்டபம் நடத்தக் கொடுத்துவிடுவார். ஏற்கெனவே அத்தை மகன் வந்து சமையல்கட்டு எங்கே வரும் என்று அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

கடைசி பெஞ்சில் கூர்மதி மட்டும் உட்கார்ந்திருந்தது. வெளியே ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தணிகாசலம் லட்டுக் கூடையோடு நின்று, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தூரத்திலிருந்தே எறிந்து கொடுத்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த முகம் எப்படி ஆகப்போகிறது என்று நினைத்தாலே கூர்மதிக்கு அழுகை முட்டியது.

"கூர்மதி!"

அது எழுந்து போய் மார்க் ஷீட்டை மேஜையில் வைத்துவிட்டு, ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. "சார், எனக்கு சான்ஸே இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும். அப்பாதான் வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டாரு. அவர்கிட்ட சொல்ல எனக்கு மனசு வரல. நீங்களே பக்குவமா சொல்லிடுங்க சார். அவரு லட்டு வாங்கிட்டாரு."

கரடியார் மார்க் ஷீட்டைப் பார்த்தார். காலி பெஞ்சுகளைப் பார்த்தார். மறுபடி மார்க் ஷீட்டைப் பார்த்தார்.

"அம்மாடி, இந்த ஹால்ல உன்னைத் தவிர யாராவது இருக்காங்களா?"

"இல்லை சார்."

"அப்ப இன்னைக்கு ஃபர்ஸ்ட் ரேங்க் நீதான். அஞ்சு சீட் இருக்கு, எது வேணும்? ஜன்னலோரமா தரட்டுமா?"

கூர்மதிக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. கரடியார் படாரென்று சீல் குத்தினார். தப்பித்தோமடா சாமி என்ற சந்தோஷத்தில் எழுந்து, மேஜைக்கு மேலே தன் பெரிய கையை நீட்டினார்.

"வாழ்த்துகள் டாக்டரம்மா!"

கூர்மதி அந்தக் கையையே பார்த்தது. ரோமம் அடர்ந்த, தேன் வாசனை அடிக்கிற கை. தன்னை நோக்கித்தான் நீண்டிருந்தது, பின்னால் வேறு யாரும் இல்லை, திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டது. அப்புறம் சந்தோஷம் தாங்காமல், தன் இரண்டு கையாலும் அதை இறுகப் பிடித்துக் குலுக்கியது. உடம்பிலிருந்த முள்ளெல்லாம் சேர்ந்து குலுங்கின.

"ஐயோ அம்மா!" என்று கரடியார் அலறிய அலறலில் மேஜை மேலிருந்த பேப்பரெல்லாம் பறந்தது. உள்ளங்கையில் மூன்று முள் ஏறியிருந்தது.

"அசையாதீங்க சார். இங்க பார்க்காதீங்க, ஜன்னலைப் பாருங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்றது கூர்மதி. அதன் குரலே மாறியிருந்தது. ஒவ்வொரு முள்ளாக, வலிக்காமல், நேர்த்தியாக உருவி எடுத்தது. முள் எப்படி ஏறும், எந்தப் பக்கம் சாய்த்தால் வரும் என்று முள்ளம்பன்றிக்கு யார் சொல்லித்தர வேண்டும்? எல்லாம் எடுத்த பிறகும் அது கையை விடவில்லை. மணிக்கட்டில் மெதுவாக விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நாடி பார்த்தது. துடிப்பு டக் டக் என்று அதன் விரலில் தட்டியது. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"என்னம்மா, சீரியஸா?" என்று கரடியார் பயந்துபோய்க் கேட்டார்.

"இல்லை சார், நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கிறேனே" என்றது கூர்மதி.

ஜன்னலுக்கு வெளியே தணிகாசலம் கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தியது. "பவளம், ஓடி வா! சேர்ந்து அஞ்சு நிமிஷம்கூட ஆகல, டீனே நம்ம பொண்ணுகிட்ட வைத்தியம் பாத்துக்கறாரு!"

நீதி: மெடிக்கல் சீட் கிடைக்க நமக்கு நல்ல மார்க் இருக்க வேண்டிய அவசியமில்லை, நல்ல மார்க் வாங்கியவர்களுக்கு நல்ல பயம் இருந்தால் போதும்.