பஞ்சராகாத சைக்கிள்

என் பேச்சை என்றும் நம்பும் அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது. இங்கே என் இடது முழங்கை நீங்கலாக அனைவரும் நலம். அங்கே உன் கோபம் நீங்கலாக அனைத்தும் நலமாக இருக்கட்டும்.

'ஆம்பளையத்தான் பிடிக்குதுன்னு சொல்லிட்டுப் போயிட்டான், நீயாவது போய்த் திருத்திக் கூட்டிட்டு வா' என்று உன் மகனிடம் என்னை அனுப்பினாய். சரியான ஆளைத்தான் அனுப்பினாய். சலவைக் கடைக்குப் பின்னால் அவர்களுடைய சைக்கிள் சங்கத்தின் கொட்டகை, வாசலில் வானவில் நிறம் பூசிய பழைய டயர், உள்ளே ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள் என்று நாற்பது பேர், எல்லார் கையிலும் கிரீஸ். சங்கத் தலைவி ஒரு திருநங்கை, ஆஸ்பத்திரி நர்ஸ். நான் அறிவுரைக்கு வாயைத் திறக்குமுன் கையில் ஒரு ஸ்பேனரைத் திணித்து, "இங்க அவங்கவங்க வண்டிய அவங்கவங்கதான் ரிப்பேர் பண்ணணும் மாமா. பக்கத்துல ஒருத்தர் நிப்போம், அவ்வளவுதான்" என்றார். எனக்கா தெரியாது! விமானத்துக்கே செயின் மாட்டிய கை இது. இடது பெடலை உடம்பு எடை முழுவதும் போட்டு இறுக்கினேன். இறுக்க இறுக்கக் கழன்றது. ஸ்பேனர் வழுக்கி, பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்தேன். "வண்டியே கோளாறு!" என்று கர்ஜித்தேன். உன் மகனோடு குடியிருக்கும் கணக்கு வாத்தியார் பயந்துகொண்டே, "கோளாறு இல்ல மாமா. இடது பெடல் மறுபக்கம் திருகினாத்தான் ஏறும். செய்யும்போதே அப்படித்தான்" என்றார். நீ சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்து, தொட்டியிலேயே இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஊர்வலம். பிரேக்கை நானே மாட்டினேன், மிஞ்சிய இரண்டு நட்டுகளை அனாவசியம் என்று எறிந்தேன். இறக்கத்தில் காற்றே என்னைப் பிடிக்க முடியாமல் திரும்பிப் போனது. நேராக ஒரு பெரிய கடையின் வண்டி நிறுத்துமிடத்துக்குள் புகுந்து, சுற்றிச் சுற்றி மூன்றாவது அடித்தளம் வரை இறங்கினேன். அதுதான் வழி என்று நினைத்து நாற்பது பேரும் மணியடித்தபடி பின்னாலேயே வந்தார்கள். காவலாளி சல்யூட் அடித்தார். அடுத்த வருஷமும் அதே பாதைதானாம்.

ஆக, திருத்த வேண்டியதைத் திருத்திவிட்டேன். வரும் ஞாயிறு உன் மகனோடு வருகிறேன்.

காற்றுக் குறையாமல் நீ வாழ ஆசீர்வதிக்கும்,
சங்கத்தின் தலைமை வழிகாட்டி,
உன் அண்ணன்.

பின்குறிப்பு: எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இறக்கம்தான் ஓட்டியது. சின்ன வயதிலிருந்து 'பஞ்சர்' என்று நான் தள்ளிக்கொண்டு வந்த எந்த வண்டியும் பஞ்சரானதில்லை. ஊர்வலம் முடிந்ததும் இதை அந்தக் கொட்டகையில்தான் முதல்முதலாகச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "இத்தன வருஷமா தனியாவா தள்ளிட்டிருந்தீங்க?" என்று மட்டும் நர்ஸ் கேட்டார். மறுநாள் உன் மகன் சீட்டைப் பிடித்தபடி பின்னால் ஓட, வாத்தியார் பக்கத்தில் ஓட, பத்தடி ஓட்டினேன். திருத்தியது பிரேக்கை மட்டும். இன்னொன்று: 'உங்கம்மா ரெண்டு பேரையும் வரச் சொன்னா' என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். அதைக் கேட்டதிலிருந்து இருவரும் ஒரே சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் பொய்களிலே இந்த ஒன்றை மட்டும் நீ உண்மையாக்கிவிடு.