தொண்ணூற்றொன்பதும் ஒரு ‘ஹவ்’வும்

கோல்ஃப் ஆடுகிறவர்கள், ஆடாதவர்கள் என்று மனிதரில் இரண்டே வகைதான் என நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அவர் தேறிக்கொண்டிருப்பவர். மூன்று வருடமாக, ஞாயிறு தவறாமல், விடிந்தும் விடியாமல் வெள்ளைத் தொப்பியும் ஒற்றைக் கையுறையுமாகக் கிளம்பிப் போய், புல்லைப் பெயர்த்து, பந்தைத் தொலைத்து, மண்ணும் வியர்வையுமாக வீடு திரும்பி, "இன்னைக்கு நல்ல இம்ப்ரூவ்மென்ட்" என்று சொல்லிக்கொண்டே ஷூவைக் கழற்றுகிறாரே, அவர்தான். அப்படியானால் தேறிவிட்டாரா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "இப்போ ஸ்விங்கை மாத்திக்கிட்டு இருக்கேன்" என்பார். ஸ்விங் என்றால் மட்டையை வீசும் விதம். அதை அவர் மாற்றாத வாரம் கிடையாது.

இந்த இனத்தை அடையாளம் காண மைதானம்வரை போக வேண்டியதில்லை. லிஃப்டில் ஒருவர் குடையைத் தலைகீழாகப் பிடித்து, முழங்காலை லேசாக மடக்கி, பின்புறத்தைத் தள்ளிக்கொண்டு, இல்லாத ஒரு பந்தை உற்றுப் பார்க்கிறாரா? அவரேதான். ஒதுங்கி நில்லுங்கள். ஆபீஸ் மீட்டிங்கில் எல்லோரும் திரையைப் பார்க்க, ஒருவர் மட்டும் மேசைக்கு அடியில் இடது கட்டைவிரலை வலது உள்ளங்கைக்குள் புதைத்துப் புதைத்து எடுக்கிறாரா? பிடியைச் சரிபார்க்கிறார். அவருடைய கைப்பேசியில் குழந்தையின் படம் பன்னிரண்டு இருந்தால், அவர் மட்டை வீசும் வீடியோ இருநூறு இருக்கும். தன் இடுப்பு திரும்புவதைத் தானே மெதுவாக ஓடவிட்டுக் கால்மணி நேரம் வாய்பிளந்து பார்க்கிற மனிதரை வேறு எந்த விளையாட்டில் காட்ட முடியும்?

இவர்களுக்கென்று ஒரு மந்திரம் உண்டு: "தலையைத் தூக்கிட்டேன்." பந்தை அடித்து முடிக்கும்வரை தலையைத் தூக்கக்கூடாது என்பது கோல்ஃபின் பாலபாடம். ஆகவே பந்து குளத்தில் விழுந்தாலும், மரத்தில் மோதினாலும், இருந்த இடத்திலேயே இருந்தாலும், காரணம் ஒன்றுதான். தலையைத் தூக்கிவிட்டார். தூக்காமல் இருந்திருந்தால்? அதை நம் கற்பனைக்கே விட்டுவிடுகிறார்.

கற்றுக்கொள்வதில் உள்ள ஆர்வத்தைவிட, கற்றுக்கொடுப்பதில் இவருக்குள்ள ஆர்வம் அதிகம். போன திங்கட்கிழமை சேர்ந்தவருக்கு, அதற்கு முந்தின திங்கட்கிழமை சேர்ந்தவர் ஆசான். "தோளைத் தளர விடுங்க, மணிக்கட்டை இறுக்குங்க, மூச்சை இழுங்க, எதையும் யோசிக்காதீங்க" என்று ஒரே மூச்சில் ஒன்பது விஷயங்களை யோசிக்கச் சொல்வார். கேட்டவர் அடிப்பார். பந்து அசையாது. "பார்த்தீங்களா, தலையைத் தூக்கிட்டீங்க!"

உதாரணம் இல்லாமல் சொன்னால் நம்பமாட்டீர்கள். எங்கள் ஜெயச்சந்திரனையே எடுத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சிக்காரர். மூன்று வருடம் முன்னால் ஹைதராபாத் கச்சிபௌலியில் ஒரு மென்பொருள் கம்பெனிக்கு மேனேஜராக வந்தார். வீட்டில் கொங்குத் தமிழ், ஆபீஸில் ஆங்கிலம், வாட்ச்மேனிடம் கையசைவு. ஊர் பாஷை அவ்வளவுதான். நானோ லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவன். என் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் இன்ஜினோடு வந்து இங்கேயே தங்கிவிட்டார். போலாரம் தாண்டி ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஞாயிறுதோறும் ஆடும் எங்கள் கோஷ்டியில் நாங்கள் மூன்று பேர். மூன்றாமவர் ராகவேந்திரா. காஞ்சன்பாக் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் அளவெடுத்தே ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு, பென்சில் கூர்மை. எங்கள் ஸ்கோர் அட்டையை எழுதுவது அவர்தான்.

ஜெயச்சந்திரனின் மனைவி சுபாஸ்ரீ பொறுமைசாலி என்று பெயரெடுத்தவர். அந்தப் பொறுமை ஒரு தீபாவளிக்குப் போனது. குழம்புக் கரண்டியால் ஒரு உருளைக்கிழங்கை வரவேற்பறைக்கு அடித்து அனுப்பிவிட்டு, கணவர் அப்படியே சிலைபோல நின்று தன் தோரணையை ரசித்துக்கொண்டிருந்தாராம்.

"ஏனுங்க, அந்தக் கரண்டியை வெச்சுட்டு இங்க வாங்க. மூணு வருசமா ஞாயித்துக்கெழமைன்னா நானும் புள்ளையும் செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கோம். உங்களுக்கு இந்த ஆட்டம் வருமா, வராதா?"

"வந்துட்டே இருக்குது சுபா."

"அதை எப்படித் தெரிஞ்சுக்கறது? ஒரு நம்பர் சொல்லுங்க."

நூறு என்றார் ஜெயச்சந்திரன். பதினெட்டுக் குழிகளிலும் பந்தைப் போட்டு முடிக்க மொத்தம் எத்தனை அடி என்பதுதான் கோல்ஃப். குறைய அடித்தவன் கெட்டிக்காரன். நூறுக்குக் கீழே வந்துவிட்டால் மனிதன் ஆட்டக்காரன் ஆகிவிட்டான் என்று இந்த இனத்தில் ஒரு நம்பிக்கை. சுபாஸ்ரீ ஒப்பந்தம் போட்டார்: பொங்கலுக்குள் நூறுக்குக் கீழே அடித்தால் ஆயுள் முழுவதும் ஞாயிறு அவருக்கு. இல்லையென்றால் மட்டைப் பை பரணுக்கு, ஞாயிறு குடும்பத்துக்கு. மகள் பூர்ணா அறைக்குள்ளிருந்து, "டாடி, திஸ் சண்டே ஆல்சோ?" என்று கேட்டாள். அவர் பால்கனியில் வீசிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே இந்த இனத்தின் எண்ணும் முறையைச் சொல்லியாக வேண்டும். கோல்ஃபில் நடுவர் கிடையாது. அவரவர் அடித்ததை அவரவர் சொல்ல வேண்டும்; சொன்னதை மற்றவர் எழுதிக்கொள்ள வேண்டும். மனச்சாட்சியை நம்பி இந்த ஏற்பாட்டைச் செய்தவர் எங்கள் கோஷ்டியைப் பார்த்ததில்லை. மட்டை பந்தில் படாமல் காற்றை அடித்தால் அது ஒத்திகை. பந்து மதிலைத் தாண்டினால் அது பந்தின் குற்றம். வேறு பந்தை வைத்துப் புதிதாகத் தொடங்கலாம். குழிக்கு ஒரு முழம் முன்னால் பந்து நின்றால், "விழுந்த மாதிரிதானே?" என்று குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். விழுந்த மாதிரி! பரீட்சையில் பாஸான மாதிரி, கல்யாணம் ஆன மாதிரி என்று வேறு எங்கேயாவது செல்லுமா?

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு வந்தது. அதற்கு மேல் ஞாயிறு கிடையாது. வழக்கமாக ஜெயச்சந்திரனின் மட்டைப் பையைத் தூக்கி வரும் விஸ்வநாத் அன்றைக்கு நல்கொண்டா போயிருந்தார். அவர் எதற்கும் "அவுனு சார்" என்று தலையாட்டுகிறவர். அவருக்குப் பதில் வந்தவர் இர்பான் பாய். அறுபதை நெருங்குகிறவர், மருதாணித் தாடி, நாற்பது வருடமாக அந்த மைதானத்தில் பை தூக்கியவர். பழைய ஹைதராபாத்காரர். அந்த மனிதர்கள் ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஹவ்’ என்பார்கள். காய்கறி வண்டிக்காரர் முதல் என் பால்ய நண்பர்கள்வரை எல்லோருக்கும் ஹவ்தான். என் வீட்டிலும் பாதி நாள் அதுதான். கச்சிபௌலிக் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் மட்டும் அந்தச் சொல்லுக்கு நுழைவுச் சீட்டு கிடைக்கவில்லை.

அன்றைக்கு ஜெயச்சந்திரன் ஆடியதை நான் ஆட்டம் என்று சொல்லமாட்டேன், தவம் என்பேன். ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. ஒவ்வொரு குழி முடிந்ததும் ராகவேந்திரா நிமிர்ந்து பார்ப்பார், இவர், "அஞ்சு சார்", "ஆறு சார்" என்பார், பென்சில் எழுதும். இர்பான் பாய் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேகத்தைப் பார்த்தபடி வந்தார். பதினெட்டாவது குழியில் பந்து ஒரு முழம் தள்ளி நின்றது. ஜெயச்சந்திரன் குனிந்தார், எடுத்தார், சட்டைப்பையில் போட்டார். ராகவேந்திரா கூட்டினார். இரண்டு முறை கூட்டினார். தொண்ணூற்றொன்பது.

ஜெயச்சந்திரனின் கண் நிறைந்துவிட்டது. பொய்யில்லை, மனிதர் நிஜமாகவே அழுதார். அத்தோடு அவர் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் சந்தோஷத்துக்கு ஒரு சாட்சி வேண்டுமே? இர்பான் பாயின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"பாய்! நைன்ட்டி நைன்! கரெக்ட்?"

"ஹவ் சாப்" என்றார் இர்பான் பாய்.

ஜெயச்சந்திரனின் சிரிப்பு அப்படியே நின்றது. அந்த ஊர்ச் சொல் அவர் காதில் இங்கிலீஷாக விழுந்துவிட்டது என்று எனக்கு உடனே புரிந்தது. ‘எப்படி சார்?’ என்று ஒரு கிழவர், நாற்பது வருட அனுபவஸ்தர், முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார்! நான் வாயைத் திறந்து விளக்கியிருக்கலாம். திறக்கவில்லை. வேடிக்கை பார்க்கும் ஆசை என்னைவிடப் பெரியது.

"ஹவ்வா? வாட் ஹவ்? மூணாவது குழியில ரெண்டு தடவை காத்துல வீசினதைச் சொல்றீங்களா? அது சும்மா ஒத்திகைங்க!"

தமிழ் புரியாத இர்பான் பாய், சாப் ஏதோ சந்தோஷத்தில் படபடக்கிறார் என்று நினைத்து, "ஹவ், ஹவ்" என்று தட்டிக்கொடுத்தார்.

"சரி, ரெண்டுன்னே வெச்சுக்குவோம். சார், ரெண்டு சேத்திக்குங்க."

பென்சில் எழுதியது. நூற்றொன்று.

"ஹவ் சாப்."

"அந்தக் குளத்துல விழுந்ததுங்களா? அடிச்சது ஒண்ணு, தண்டம் ஒண்ணு. அதுக்கு மேல ஒண்ணும் இல்லீங்க, சத்தியமா!"

"ஹவ்."

"ஏழாவதுல செவுத்துக்கு அந்தாண்ட போச்சு, ஆமா, அதுக்கும் ரெண்டு. மணல் பள்ளத்துல அஞ்சு அடிச்சேன், ரெண்டுன்னு சொன்னேன். போதுங்களா?" குரல் உடைந்துவிட்டது. "அந்த வேப்பமரத்து வேர்ல இருந்து பந்தைக் காலால தள்ளுனது உங்களுக்கு எப்படீங்க தெரியும்? நீங்க அந்தப் பக்கமில்ல பாத்துட்டு இருந்தீங்க! சரி, அதுக்கும் ரெண்டு."

இர்பான் பாய் கவலையோடு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "ஹவ் சாப், ஹவ்."

"கடைசியா, விழாம கையில எடுத்தது மூணு. இப்ப எடுத்தேன் பாருங்க, அதையும் சேத்தித்தான்."

ராகவேந்திரா பென்சிலைக் காதில் செருகினார். அன்றைக்கு அவர் பேசிய ஒரே வார்த்தை அப்போதுதான் வந்தது: "நூற்றுப்பதின்மூன்று."

ஜெயச்சந்திரன் புல்லில் உட்கார்ந்துவிட்டார். "ஏன் பாய், எல்லாரும் விட்டுட்டாங்க. நீங்க மட்டும் ஏன் ‘ஹவ்’னு கேட்டீங்க?"

நான் இந்தியில் மாற்றிச் சொன்னேன். இர்பான் பாய் பதறிப்போனார். "மை கப் பூச்சா சாப்? மை தோ ஹவ் போலா. ஹவ் போலே தோ ஹா!" நான் எங்கே கேட்டேன், ஆமாம் என்றுதானே சொன்னேன் என்கிறார். அதைத் தமிழில் சொன்னபோது ஜெயச்சந்திரனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். யாருமே கேட்காத கேள்விக்குப் பதினான்கு அடி பதில் சொல்லியிருக்கிறார்.

அவர் கார் கிளம்பியபின் இர்பான் பாயைத் தனியாக அழைத்து, உண்மையில் எத்தனை என்று கேட்டேன். மேகத்தைப் பார்த்தவர் யோசிக்கவே இல்லை. "ஏக் ஸௌ சத்ரா." நூற்றுப்பதினேழு! அழுதுகொண்டே ஒப்புக்கொண்டதிலும் நாலு அடி குறைகிறது. பிறகு ஏன் ஆமாம் என்றீர்கள் என்றேன். சாப் சந்தோஷமாக இருந்தார், அதனால் சொன்னேன் என்றார். கொஞ்சம் தயங்கி, "ஆப்கா போலூம் சாப்?" என்று என்னுடையதைச் சொல்லவா என்றும் கேட்டார்.

"நக்கோ" என்றேன். வேண்டாம்.

வீட்டில் நடந்ததைச் சுபாஸ்ரீ என் மனைவி கனகவல்லியிடம் சொல்லி, அப்படி எனக்கு வந்தது. ஜெயச்சந்திரன் உள்ளே நுழையும்போதே மனதைத் தேற்றிக்கொண்டிருந்திருக்கிறார். நூற்றுப்பதின்மூன்று என்பது ஒரு மொழிப் பிரச்சினை. ஹவ் என்றால் ஆமாம் என்பது முன்பே தெரிந்திருந்தால் தொண்ணூற்றொன்பதுதானே? ஆகவே அதுவே உண்மையான ஸ்கோர். பையைத் தோளிலிருந்து இறக்காமலே, "சுபா, தொண்ணூத்தொம்போது!" என்றார்.

சுபாஸ்ரீ அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மூன்று வருடம் காய்கறி வண்டியில் பேரம் பேசிய வாய். நிமிராமல் சொன்னார்: "ஹவ்."

ஒரு மணி நேரம் முன்னால்தான் அந்தச் சொல்லின் அர்த்தத்தை அவர் தெளிவாகப் படித்திருந்தார். ஆமாம் என்று எடுத்துக்கொண்டிருந்தால் ஆயுளுக்கும் ஞாயிறு அவருடையது. அவரால் முடியவில்லை. வாசலிலேயே நின்று, "மூணாவது குழியில..." என்று ஆரம்பித்தார். ஏழாவது குழி வரும்போது சுபாஸ்ரீ கத்தியை வைத்துவிட்டார். பை பரணுக்குப் போனது. பூர்ணா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். எந்த அர்த்தத்தில் ஹவ் சொன்னீர்கள் என்று கனகவல்லி கேட்டதற்கு, சுபாஸ்ரீ இதுவரை பதில் சொல்லவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லை, நமக்கென்ன என்ற சிரிப்பு. தினமும் பத்தாயிரம் அடி நடப்பதாகச் சொல்கிறீர்களே, நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியை ஆட்டிய அடிகள் அதில் எத்தனை? சர்க்கரையை விட்டு ஒரு வருடம் ஆகிறது; சரி, பண்டிகை நாளெல்லாம் ஒத்திகையா? யோகா, தெலுங்கு, வீணை, விடியலில் எழுவது என்று எதிலாவது நீங்களும் தேறிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? உங்கள் எண் எதுவோ, அதை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். நான் மறுக்கமாட்டேன், எண்ணிப் பார்க்கமாட்டேன், மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஹவ்.