மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டே முக்கால் மணிக்கு, நின்றுபோன ஒரு லிஃப்டுக்குள் 'உண்மையான தொடர்பை'க் கண்டுபிடித்தது.

கண்டுபிடித்த மேதை அந்த நிறுவனத்தின் உறவு மேம்பாட்டு அதிகாரி. தொழில்முறை வலைத்தளத்தில் அவருக்குப் பதினோராயிரத்துச் சொச்சம் 'தொடர்புகள்'. கட்டிய மனைவி அனுப்பிய தொடர்பு விண்ணப்பம் மட்டும் மூன்று வருடமாகப் பரிசீலனையில் இருந்தது. காலில் முள் தைத்தாலும், 'முள் எனக்குக் கற்றுத்தந்த ஐந்து பாடங்கள்' என்று போஸ்ட் போட்டுவிட்டுத்தான் பிடுங்குவார். அன்று மூன்று மணிக்கு ஐந்தாவது மாடி அரங்கில் 'லைக்குக்கு அப்பால்: உண்மையான தொடர்பை மீட்டெடுப்போம்' என்று உரையாற்ற இருந்தார். தொண்டை வறண்டுவிடக் கூடாதே என்று இரண்டு பெரிய கப் டீ குடித்திருந்தார். வரலாற்று ஆசிரியர்கள் இந்த டீயை அலட்சியம் செய்யக் கூடாது.

லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அதிகாரி மணிப் பொத்தானை அழுத்தினார். பொத்தான் இருந்தது, மணிதான் போன வருடமே போய்விட்டிருந்தது. போனில் பேச சிக்னல் இல்லை. அலுவலக வைஃபை மட்டும் ஒற்றைக் கோட்டில் உயிரோடு இருந்தது. வேலையைக் கெடுக்கும் செயலிகளை எல்லாம் அதில் தடை செய்து, வேலையை வளர்க்கும் தொழில்முறைத் தளத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

"லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில். யாராவது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவசரம்" என்று எழுதினார். அவர் வாழ்க்கையில் பாடம் எதுவும் இல்லாத முதல் போஸ்ட் அதுதான்.

பதில்கள் குவிந்தன. "என்ன ஒரு உருவகம்! நாம் எல்லாருமே ஏதோ ஒரு லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள்தானே" என்றார் பொது மேலாளர், அதே கட்டடத்தின் ஐந்தாவது மாடியிலிருந்து. "அந்த 'அவசரம்' என்ற சொல்லில் உயிர் இருக்கு சார்!" என்றார் அலுவலகத்தில் அவருடைய பக்கத்து நாற்காலிக்காரர். எங்கிருந்தோ ஒரு லிஃப்ட் விற்பனையாளர், "உங்கள் தற்போதைய லிஃப்டில் எந்த அளவுக்குத் திருப்தி?" என்று விசாரித்தார்.

ஆபத்துக்குப் பாவமில்லை என்று அதிகாரி உடைத்தே எழுதினார்: "உருவகம் இல்லை சார். நிஜ லிஃப்ட். நிஜ மூத்திரம்."

"இந்த வெளிப்படைத்தன்மைக்குத் தலைவணங்குகிறேன்" என்றார் பொது மேலாளர். தொள்ளாயிரம் லைக். அரங்கில் அதைத் திரையில் போட்டுக் காட்டினார்கள் போலிருக்கிறது. மேலேயிருந்து கைதட்டல் லிஃப்டுக்குள்ளும் கேட்டது.

அதிகாரி போனை உதறிவிட்டு இரண்டு கையாலும் கதவில் அறைந்தார்.

துப்புரவுப் பணியாளர்களுக்கு லிஃப்டில் அனுமதி இல்லை. அதனால் பக்கெட்டும் மாப்புமாகப் படியேறிக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் காதில் அது விழுந்தது.

"யாரு உள்ள?"

"நான்தான்! உறவு மேம்பாட்டு அதிகாரி!"

"அப்படின்னா?"

அந்தப் பதவிக்கு வந்த எட்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவரே தன் விசிட்டிங் கார்டை எடுத்துப் பார்த்தார்.

"சரி, யாரா இருந்தா என்ன. மெக்கானிக் நம்பர் இங்க செவுத்துலயே ஒட்டியிருக்கு, இருங்க." பேசிவிட்டு வந்தார். "வர்றாராம். முக்கா மணி நேரம் ஆகுமாம். தண்ணி கிண்ணி வேணுமா தம்பி? கதவு இடுக்குல விடலாம்."

"ஐயோ, தண்ணியப் பத்திப் பேசாதீங்கம்மா!"

"ஓ, அந்தச் சங்கதியா!" அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார். "நெனப்ப வேற பக்கம் திருப்புங்க. வீட்ல யார் யாரு?"

அவர் சொன்னார். மனைவியைப் பற்றி, மகளின் கணக்குப் பரீட்சை பற்றி. அந்த அம்மா தன் முழங்கால் வலியையும், உப்பே போடாமல் சமைக்கும் மருமகளையும் பற்றிச் சொன்னார். மேடை ஏறினாலே தனக்குக் கால் நடுங்கும் என்று அதிகாரி ஒப்புக்கொண்டார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. "கால்தானே தம்பி? எனக்கு நடுங்காத நாளே இல்ல. அது பாட்டுக்கு நடுங்கும், நாம பாட்டுக்கு ஏற வேண்டியதுதான்" என்றார் அந்த அம்மா. அதிகாரிக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார். எந்த வழியாகவும் நீர் வெளியேற அனுமதிக்கும் நிலையில் அவர் அப்போது இல்லை.

கதவு திறந்ததும் ஓடிய ஓட்டத்தில் நன்றி சொல்ல நேரமில்லை. அதனால் என்ன, நன்றியைப் போஸ்டில் சொல்வதுதானே முறை? "முக்கால் மணி நேரம் தன் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஒரு துப்புரவுப் பணியாளர் என்னோடு பேசிக்கொண்டிருந்தார்" என்று உருகி எழுதினார். பதினாலாயிரம் லைக். அதைக் கடைசி வரி வரை படித்தவர் ஒரே ஒருவர்: நிர்வாகப் பிரிவின் மேற்பார்வையாளர்.

மறுநாளே அந்த அம்மாவுக்கு மெமோ. 'பணி நேரத்தில் நாற்பத்தைந்து நிமிடம் பணியைக் கைவிட்டதற்கு ஏன் வேலைநீக்கம் செய்யக் கூடாது? ஆதாரம்: இணைப்பில் உள்ள போஸ்ட்.'

அந்த அம்மா அதிகாரியின் மேஜைக்கு வந்து நின்றார். "சார், நீங்க எழுதினதுதானாமே. மேற்பார்வையாளர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார். இந்த வேலை போனா எனக்கு வேற நாதி இல்ல." தம்பி இப்போது சார் ஆகியிருந்தார்.

அதிகாரி கண் கலங்கினார். "இப்பவே செய்றேம்மா" என்றார். மேற்பார்வையாளரின் மேஜை பத்தடி தூரம். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. 'நன்மை செய்பவர்களை நாம் எப்படி நடத்துகிறோம்?' என்று அங்கேயே ஒரு போஸ்ட் தட்டி முடித்து, திரையை அந்த அம்மாவிடம் பெருமையோடு திருப்பிக் காட்டினார்.

அந்த அம்மா அதைப் பார்த்தார். அவரையும் பார்த்தார். பிறகு தாமே ஒரு வெள்ளைத்தாள் வாங்கிப் பதில் எழுதிக் கொடுத்தார்.

'ஐயா, என் மேல் தப்புதான். இனிமேல் யார் உள்ளே இருந்து தட்டினாலும், இந்தக் கட்டடத்தில் உள்ள பெரியவர்கள் எப்படி இருந்தார்களோ அப்படியே நானும் இருப்பேன்.'

நிர்வாகத்துக்குப் பரம திருப்தி. மெமோ ரத்தானது. 'தவறிலிருந்து கற்கும் பண்பாடு' என்று தலைப்பிட்டு அந்தக் கடிதத்தைத் தளத்தில் வெளியிட்டார்கள்.

முதல் லைக் அதிகாரியுடையது.