குங்குமம் காட்டிய கோடு

எறையூர்
13.10.2005

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை பாலாஜி அவர்களுக்கு, மாமனார் அமிர்தலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் எருமையும் சுகமாக இருக்கிறோம். திருச்சியில் நீங்களும் என் மகள் கலையரசியும் அவள் வயிற்றில் இருக்கும் சிசுவும் அதுபோலவே இருக்க வேண்டும். இதை உபசாரத்துக்காக எழுதவில்லை, பயந்துபோய் எழுதுகிறேன்.

உங்கள் காலனியில் சத்தம் தாங்காமல் எல்லோரும் சண்டைக்கு வருகிறார்கள் என்று, ஞாயிற்றுக்கிழமை சென்னைப் பந்தயம் வரைக்கும் உங்கள் பந்தயக் காரை இங்கே விட்டுப் போனீர்கள். நானும் எருமையை வெளியே கட்டிவிட்டுக் கொட்டகையைக் காருக்குக் கொடுத்தேன். அது மழையில் நனைந்துகொண்டு என்னை முறைக்கிறது, அது கிடக்கட்டும். ஆயுத பூஜை அன்று உங்கள் அத்தை ஜெகதாம்பாள் அரிவாள்மணை, மண்வெட்டி, என் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுக் காரிடம் வந்தாள். சக்கரத்து இடுக்கு வழியாகத் தாம்பாளம் போலப் பளபளத்த பிரேக் டிஸ்க்கும் அதில் சுற்றிலும் போட்டிருந்த ஓட்டைகளும் அவளுக்குப் பிடித்துப்போய்விட்டன. குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து, இடுக்கில் கையை விட்டு, ஓட்டைக்கு ஒரு பொட்டாக வைத்துவிட்டாள். "பிரேக்குல எண்ண பட்டா வண்டி நிக்குமாடி?" என்று கத்தினேன். "சாமிக்கு வச்சதுங்க, நிக்காம எங்க போயிடும்?" என்றாள்.

அதைத் துடைப்பதற்காகத்தான் பெரம்பலூரிலிருந்து லாரி மெக்கானிக் செல்லமுத்துவை வரவழைத்தேன். அவன் சீட்டி அடித்துக்கொண்டே சக்கரத்தைக் கழற்றி, பெட்ரோல் துணியால் டிஸ்க்கைத் துடைத்தான். பொட்டெல்லாம் போய்விட்டது. ஆனால் ஓர் ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்கும், அங்கிருந்து விளிம்பு வரைக்கும் மயிரிழை மாதிரி ஒரு சிவப்புக் கோடு மட்டும் நின்றது. மறுபடி துடைத்தான். உள்ளேயிருந்து குங்குமம் மறுபடி கசிந்தது. சீட்டி நின்றுபோனது. "எனக்கு லாரிதாங்க தெரியும். ஆனா விளிம்பு வரைக்கும் வந்துட்ட வெடிப்பு எந்த வண்டிக்கும் ஆவாதுங்க. இங்க தடவிப் பாருங்க, வரப்பு கட்டுனாப்ல ஓரம் நிக்குது, நடுவுல அவ்ளோ தேஞ்சிருக்கு" என்றான். தடவிப் பார்த்தேன். விரல் வரப்பில் இடறியது. அவன் சக்கரத்தை மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

உடனே உங்களுக்குப் போன் போட்டேன். "ரேஸ் டிஸ்க்குல சின்னச் சின்னக் கோடு இருக்கத்தான் செய்யும் மாமா. அத்தையோட மேக்கப்பைத் தொடச்சு விடுங்க, போதும்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டீர்கள். மாப்பிள்ளை, நான் ஆலையில் கரும்பு வண்டி எடை போட்ட குமாஸ்தா, கார் விவரம் தெரியாதவன்தான். ஆனால் நீங்கள் போகிற வேகத்தில் அந்தத் தட்டு பிளந்தால், அப்புறம் மிதித்து என்ன, மிதிக்காமல் என்ன? எனக்குப் பயமாக இருக்கிறது. ஐப்பசியில் கலையரசிக்கு வளைகாப்பு வைத்திருக்கிறோம். அன்றைக்கு நீங்கள் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும், வேறொன்றும் நான் கேட்கவில்லை.

ஆகவே கார் சாவியை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டேன். சனிக்கிழமை பஸ்ஸில் புது டிஸ்க்குகளோடு வாருங்கள், செல்லமுத்து மாட்டித் தருவான். அதுவரை நீங்களே காலில் விழுந்தாலும் சாவி கிடையாது. எருமை இன்னும் நாலு நாள் நனைந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

நீங்கள் இருவரும் நீடூழி வாழ உங்கள் அத்தையும் நானும் மனதார வாழ்த்துகிறோம். எருமையைக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
அமிர்தலிங்கம்

பி.கு.: மேலே சாவியைப் பற்றி எழுதியதை அடித்துவிடவும். நான் உறை வாங்கத் தபால் ஆபீஸ் போய் வருவதற்குள், பந்தயத்துக்கு முன்னால் ஓட்டிப் பழக வேண்டும் என்று நீங்களே வந்து காரை எடுத்துப் போய்விட்டீர்களாம். "மாப்பிள்ள வாசல்ல நின்னு சாவி கேக்கறப்ப எப்படிங்க இல்லேங்கறது?" என்கிறாள் உங்கள் அத்தை. அதோடு, "ரத்தக் கோடாட்டம் இருந்துச்சு, நல்லாவா இருக்கும்?" என்று காலையிலேயே டிஸ்க்கைப் புளி போட்டுக் குத்துவிளக்கு மாதிரி விளக்கி வைத்திருக்கிறாள். நீங்கள் குனிந்து பார்த்து, "ஒண்ணுமே இல்லையே அத்தை" என்று சிரித்தீர்களாம். உங்கள் செல்போனுக்குப் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், அடித்துக்கொண்டே இருக்கிறது, நீங்கள் எடுக்கவில்லை. செல்லமுத்து மொபெட்டில் சென்னை ரோட்டில் உங்களைத் துரத்திக்கொண்டு போயிருக்கிறான். எருமை கொட்டகைக்குத் திரும்பிவிட்டது. எனக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன். உறையை நீங்களே பிரித்தால் என்னை நினைத்து வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள். கலையரசி பிரிக்கும்படி மட்டும் ஆகிவிடக் கூடாது.