நாலாம் பெட்டி கடைசியில் ஓடிய விவகாரம்

பெரியோஸ்கினோ, பிப்ரவரி 1958

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் தோழர் அவர்களுக்கு,

நெசவாலைக் கிளப்பில் டிக்கெட் கிழிக்கும் கிளாஃபிரா நெஃபேதவ்னா பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் சுகம் என்று நம்புகிறேன். நான் சுகமில்லை, கொதித்துப்போயிருக்கிறேன்.

எங்கள் படம் ஓட்டும் ஸகார் இல்யிச், குடிபோதையில் போர்ப் படத்தின் ரீல்களை முன்பின்னாக மாற்றி ஓட்டி மக்களை ஏமாற்றினார், அவரை வேலையை விட்டு எடுக்கவேண்டும் என்று செவ்வாய்க்கிழமைத் தாளில் போட்டிருக்கிறீர்கள். குடியா? அந்த மனுஷனுக்கு வயிற்றுப்புண், ஐயா! மோரைத் தவிர எதுவும் உள்ளே இறங்காது.

நடந்ததைக் கேளுங்க. எட்டு ரீல் பெட்டியும் ரயிலடியிலிருந்து பனிச்சறுக்கு வண்டியில வந்துச்சு. ஆத்தங்கரை மேட்டுல குதிரை முரண்டு பிடிச்சு, வண்டி கவிழ்ந்து, பெட்டியெல்லாம் பனியில உருண்டு, நானும் கூடவே உருண்டு, பெட்டியைத் தூக்க நாலு பேர் ஓடி வந்தாங்க, என்னைத் தூக்க ஒருத்தர் வரலை. கிளப்புக்கு வந்து எண்ணினா ஏழுதான். "ஏம்மா கிளாஃபிரா, நாலாவது எங்கே?"ன்னார் ஸகார் இல்யிச். "பனிக்குள்ள மாட்டியிருக்கும், நீங்க அஞ்சைப் போடுங்க, சனம் கத்துது"ன்னேன். ஏழாவதுல, படத்துல வர்ற சிப்பாய்ப் பையன் சண்டையில ஆத்தைக் கடக்கையில செத்துப்போனான். எட்டாவதுல அவனைக் கட்டிக்க இருந்த பொண்ணு கையில, பட்டாளத்துலேர்ந்து சாவுத் தாள் வந்துச்சு. முடிஞ்சுது. அப்பத்தான் நாலாவது கிடைச்சுது. "அரசாங்கப் படம், ஒரு ரீலை ஓட்டாம திருப்பி அனுப்பினா நாளைக்கு யார் பதில் சொல்றது?"ன்னு மனுஷன் அதையும் மாட்டிட்டார். அதுல அவன் ரெண்டு நாள் லீவுல வந்து அவ கதவைத் தட்டுறான்!

எங்க ஊர்ல படம் கொஞ்சம் ஆடினாலே "பூட்ஸ் தைக்கப் போய்யா!"ன்னு கூரை பறக்கக் கத்துவாங்க. அன்னிக்கு முந்நூறு பொம்பளைங்க, ஒரு சத்தமில்லை. சூரியகாந்தி விதை கொறிக்கிற சத்தம்கூட இல்லை. நாற்காலிக்கு நாளும் சண்டை போடுற உஸ்தீன்யா எழுந்து நின்னு, திரையைப் பார்த்து, "நிக்காதடா, உட்காரு, சூப் ஆறுது!"ன்னா. எல்லாரும் சிரிச்சுக்கிட்டே அழுதோம். மறுநாள் வாசல்ல வரிசை. "நேத்து ஓட்டின மாதிரியே ஓட்டணும், இல்லேன்னா உள்ள வரமாட்டோம்"னு நிக்கிறாங்க.

செத்தவன் திரும்பி வருவது உண்மைக்குப் புறம்பு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த உண்மையை எங்களுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை, தோழரே. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு சாவுத் தாள் இருக்கிறது. ஸகார் இல்யிச் குற்றமற்றவர், நானும் குற்றமற்றவள், குற்றம் குதிரையுடையது. மறுப்பை முதல் பக்கத்தில் போடுங்கள். இல்லையென்றால் முந்நூறு பேரும் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வருவோம்.

தங்கள் அடுப்பு அணையாமலும், தங்கள் வீட்டார் சளி இருமலின்றியும் பனிக்காலம் கழியட்டும்.

இப்படிக்கு,
கிளாஃபிரா நெஃபேதவ்னா

பி.கு.: குதிரையை ஒன்றும் செய்துவிடாதீர்கள். பெட்டி எட்டும் பத்திரமாகத்தான் வந்தது. நாலாவது மேல் கம்பளிக் கோட்டை விரித்து, படம் முடியும்வரை நான்தான் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் திமோஃபேயும் நாற்பத்து மூன்றில் ரெண்டு நாள் லீவில் வந்து கதவைத் தட்டினார். அதுக்கப்புறம் "போரில் காணாமல் போனார்" என்று தாள் வந்தது. எது கடைசியில் வரணும்னு என்னை யாரும் கேட்கலை. வேலையை விட்டு எடுப்பதானால் என்னை எடுங்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை இந்தப் படம் ஓடி முடிந்த அப்புறம். அதுவரைக்கும் பெட்டி தூக்குறது நான்தான்.