மாடி வால்வு விஷயமாகக் கீழ்வீட்டு அண்ணன் எழுதுவது

மாடியில் குடியிருக்கும் என் உடன்பிறந்த தம்பிக்கு, கீழ்வீட்டு அண்ணன் சொல்லச் சொல்ல எதிர்க்கடைத் தையல்காரர் எழுதும் கடிதம். நலம், நலமறிய ஆவல் என்றுதான் ஆரம்பிக்க வேண்டுமாம். உன் இருமல் எனக்குக் கேட்கிறது, என் இருமல் உனக்குக் கேட்கிறது. ஆகையால் இருவர் நலமும் இருவருக்கும் தெரிந்ததே. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருக்கும் உன் சம்சாரத்தின் நலம்தான் தெரியவில்லை. அவள் இருமுவதில்லை.

இந்தச் சண்டையை ஆரம்பித்தது நீ. உன் மாப்பிள்ளை பைக்கை என் வாசலை மறித்து நிறுத்தியதும், நான் தள்ளி வைத்ததும், அது சாய்ந்து கண்ணாடி உடைந்ததும், நீ மொட்டைமாடி ஏறி என் வீட்டுக் குழாய்க்கு வரும் வால்வை மூடியதும், மோட்டார் சுவிட்ச் என் சமையலறையில் இருக்கிறபடியால் நான் மோட்டார் போடுவதையே நிறுத்தியதும், ஆக ஒரே தொட்டிக்குக் கீழே இரண்டு குடும்பமும் ஒன்பது நாள் தெருக்குழாயில் குடத்தோடு நின்றதும், அதிலும் நீ முன்னால் நான் பின்னால் நின்று ஒரு வார்த்தை பேசாமல் திரும்பியதும் தெருவுக்கே தெரியும். அடித்தவனைத் திருப்பி அடிக்கலாம், தப்பில்லை. ஆனால் உன் பேத்தி குளிக்காமல் பள்ளிக்கூடம் போனாள். அவளா என் வால்வை மூடினாள்? அந்த வகையில் நான் கொஞ்சம் அளவு மீறிவிட்டேன் என்று ஒத்துக்கொள்கிறேன். கொஞ்சம்தான்.

உன் சம்சாரத்துக்கு ஆபரேஷன் என்றதும் நானே சமாதானம் பேசினேன். மோட்டார் போடுகிறேன், பிளம்பரை அனுப்பித் தொட்டிக் கசிவையும் அடைக்கிறேன், மொட்டைமாடிக் கதவை மட்டும் திறந்துவிடு என்றேன். நீ நம்பித் திறந்தாய். பிளம்பர் என் வால்வைத் திறந்துவிட்டு, உன் வால்வை மூடி, அதன் கைப்பிடியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அது அவராகச் செய்தது. கைப்பிடி எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. குறடு வைத்துத் திருகினால் திறந்துவிடும். நீயோ மாடிப்படியில் நின்று, "எடுத்தவனே கொண்டாந்து மாட்டட்டும்" என்று கத்துகிறாய். நான் அனுப்பும் குடத்தையெல்லாம், "இதுல என்னத்தக் கலந்திருக்கானோ" என்று படியிலேயே கவிழ்க்கிறாய்.

"பெரியவரே, பிளம்பருக்கு உங்க தம்பி மேல என்ன கோவம்?" என்று தையல்காரர் கேட்கிறார். "உம்ம வேலை எழுதுறது, குறுக்கு விசாரணை பண்றதில்ல" என்றேன். மனுஷன் அதையும் எழுதிவிட்டார்.

நேற்று நீ கவிழ்த்த தண்ணீர் படிப்படியாக இறங்கி என் காலடிக்கு வந்தது. அதைப் பார்த்தபிறகு தூக்கம் போயிற்று. நான் பட்டாளத்தில் தண்ணீர் லாரி ஓட்டியது உனக்குத் தெரியும். இது தெரியாது. எங்களுக்கும் எதிராளிக்கும் நடுவில் ஒரே கிணறு. காலையில் பனி விலகினதும் அவர்கள் லாரி, அது போனபின் எங்கள் லாரி. வண்டியில் வெள்ளைத் துணி கட்டியிருந்தால் எவனும் சுடமாட்டான். இதை யாரும் எழுதிக் கையெழுத்துப் போடவில்லை. போட்டிருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது. தாகத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவனைச் சுடக்கூடாதென்று யார் சொல்லித்தர வேண்டும்? ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் அதிகாரி தொட்டிக்கு அடியில் பதினொரு பெட்டி தோட்டாவை அடுக்கி, ஈரச்சாக்குப் போட்டு மூடி, முன்வரிசைக்குக் கொண்டுபோகச் சொன்னார். தெரிந்துதான் கொண்டுபோனேன். வெள்ளைத் துணியை என் கையால்தான் கட்டினேன். எவனும் சுடவில்லை. எதிர்ப்பக்கம் ஒருத்தன் வழக்கம்போல் கையை ஆட்டினான், நானும் ஆட்டினேன். வெள்ளிக்கிழமை அவர்கள் லாரி வந்தது. "நாம செஞ்சத அவன் செய்யாமலா இருப்பான்?" என்றார் அதிகாரி. எங்கள் ஆட்கள் சுட்டார்கள். தொட்டியில் நாலு ஓட்டை. நாலிலும் தண்ணீர்தான் வந்தது. ஓட்டிவந்தவன் கடைசிவரை கதவைத் திறக்கவில்லை. அதற்குப்பிறகு அந்தக் கிணற்றுக்கு இரண்டு பக்கத்திலும் எவனும் போக முடியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று ரேடியோவில் சொன்னபோது என் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் போரில் நியாயம் யார் பக்கம் என்று பெரியவர்கள் பேசிக்கொள்ளட்டும். வெள்ளைத் துணிக்குக் கீழே தோட்டாவை வைத்தவன் மறுபடி சமாதானம் பேச எந்தத் துணியைக் கட்டுவான்? ஐம்பத்தோரு வருஷமாக இதுதான் எனக்கு விளங்கவில்லை. ஆகவே தம்பி, நான் அனுப்புகிற குடத்தில் தண்ணீர்தான் இருக்கிறது. என்னை நம்பாவிட்டாலும் படுத்திருக்கிறவளுக்காக வாங்கிக்கொள்.

உன் மாப்பிள்ளையின் பைக் நீங்கலாக வீட்டிலுள்ள அனைவருக்கும் என் ஆசிகள். உனக்கு நாலு வருஷம் முன்னால் பிறந்தேன் என்கிற ஒரே தகுதியில்,
உன் அண்ணன்
(இடது பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: தையல்காரர் முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினார். படிக்கத் தெரியாதவனுக்குத் தன் பொய் அடுத்தவன் வாயில் வரும்போதுதான் காதில் விழுகிறது. பிளம்பர் ஒரு பாவமும் அறியார். கழற்றச் சொன்னது நான். ஒன்பது நாள் உன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்ற வயிற்றெரிச்சல். கைப்பிடி எட்டு நாளாக என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. கழுத்து சுளுக்கிக்கொண்டதும் அதனால்தான். மேலே உள்ளதில் அந்த லாரி விஷயத்தைத் தவிர வேறு எதையும் நீ நம்ப வேண்டாம். தையல்காரர் இதை உன் கையில் கொடுக்கும்போது நான் கைப்பிடியோடு பாதிப் படியில் உட்கார்ந்திருப்பேன். முட்டி அதற்குமேல் விடாது. கோபத்தில் மேலேயிருந்து என் தலையில் தண்ணீரைக் கொட்டிவிடாதே என்று எழுதச் சொன்னேன்.

"அவருகிட்ட ஏதுங்க தண்ணி?" என்றார் தையல்காரர்.