காலாவதியான மூக்கு

தொழிலாளியின் உயிர் விலைமதிப்பற்றது என்ற உண்மையை மராத்திச் சீமையில் சிஞ்ச்வட்டில் ஒரு கம்பெனி 1997-ஆம் வருஷம் கண்டுபிடித்தது. அதற்கு முன் இருபத்தோரு வருஷம் கம்பெனி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இப்படி ஒரு விஷயம் இருப்பது யாருக்கும் தோன்றவில்லை. பேரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும்; ஆகையால் கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம்.

லாரிக்கும் டெம்போவுக்கும் பல்சக்கரம் செய்கிற கம்பெனி. பல்சக்கரம் சீக்கிரம் தேயாமல் இருக்க, அதை உலையில் போட்டு அமோனியா வாயுவில் மணிக்கணக்காக வேகவைப்பார்கள். அமோனியா நெடி தெரியாதவர்கள் பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்தை நினைத்துக்கொண்டு ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ளலாம். கொஞ்சம் கசிந்தால் கண் எரியும். நிறையக் கசிந்தால் எரிவதற்குக் கண் இருக்காது.

அந்த வருஷம் ஊர் முழுக்க சர்வதேசச் சர்டிபிகேட் மோகம் பேயாகப் பிடித்து ஆட்டியது. பக்கத்து ஷெட்டில் ஸ்க்ரூ செய்கிறவன் ஒரு சர்டிபிகேட் வாங்கி வாசலில் ஆளுயரத்துக்கு போர்டு வைத்துவிட்டான். நம் முதலாளி, அவரை எல்லோரும் மாலக் என்பார்கள், போர்டைப் பார்த்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. சர்டிபிகேட் வேண்டுமென்றால் தொழிலாளியின் உயிரைக் காக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். வேறு வழியில்லாமல் மாலக் அதற்கும் சம்மதித்தார். சுவரில் நிரந்தரமாகப் பொருத்தி வைக்கிற வாயு டிடெக்டர் நாலு வந்து இறங்கியது. வாயு கசிந்தால் எண் காட்டும், சங்கு ஊதும், சிவப்பு விளக்குச் சுழலும்.

சுவரில் நிரந்தரம் என்றதும் ஹெல்பர் மாடசாமிக்கு வயிற்றெரிச்சல். ஏன் இருக்காது? அவன் ஒன்பது வருஷமாக டெம்பரரி. ஏழு மாசம் வேலை, ஒரு வாரம் பிரேக், மறுபடியும் நேற்றுத்தான் பிறந்தவன் மாதிரி புதுசாகச் சேர்ப்பார்கள். இத்தனைக்கும் இந்த ஒன்பது வருஷமும் கம்பெனிக்கு டிடெக்டராக இருந்தது மாடசாமியின் மூக்குதான். வாசலில் நின்று ஒரு இழு இழுத்தால் போதும், "ரெண்டாம் நம்பர் உலை, பின்பக்க வால்வு, லேசாட்டு கசியுது" என்பான். போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். திருநெல்வேலிக்காரன் மூக்கு.

பாதுகாப்பு அதிகாரி ஸ்வாமிநாதன் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இதோ பார் மாடசாமி, சர்டிபிகேட் வர்ற அன்னிக்கே ஒனக்குப் பெர்மனன்ட் ஆர்டர். மாலக்கே சொல்லிட்டார். ஒரே ஒரு கண்டிஷன். ஆடிட் முடியறவரைக்கும் இன்சிடென்ட் ஜீரோவா இருக்கணும். ஒரு தடவை கேஸ்னு புக்குல ஏறிடுத்தோ, சர்டிபிகேட்டும் போச்சு, ஒன் ஆர்டரும் போச்சு."

மாடசாமி அன்றிலிருந்து நடக்கும்போதுகூடப் பார்த்துப் பார்த்துத்தான் காலை வைத்தான்.

டிடெக்டர்களைத் தசராவன்று பொருத்த முகூர்த்தம் குறித்தார்கள். ஆயுதத்துக்கெல்லாம் பூஜை போடுகிற நாள். மாடசாமி ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஏணி எதுக்குய்யா?" என்றார் ஸ்வாமிநாதன்.

"அமோனியா மேலதானே சார் போகும்? கூரை ஓரமா மாட்டுனாத்தான் புடிக்கும்."

"கூரையில மாட்டினா வஹினி எப்படிப் பூஜை பண்ணுவா? எட்ட வேண்டாமோ?"

வஹினி என்பது மாலக்கின் மனைவி. ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. டிடெக்டர்களின் உயரம் அதன்படி விஞ்ஞானபூர்வமாக நிர்ணயிக்கப்பட்டது. வஹினி பட்டுப்புடவையில் வந்து, நாலு டிடெக்டருக்கும் சாமந்தி மாலை போட்டு, தேங்காய் உடைத்து, மஞ்சளையும் குங்குமத்தையும் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, வாயுவை இழுக்கிற அந்தச் சின்னச் சல்லடை வாயில் கட்டைவிரலால் அழுத்தி அப்பினாள். பக்தி நிறைந்த கை. அரை அங்குலம் உள்ளே போயிருக்கும்.

சுவிட்ச் போட்டார்கள். நாலும் 00 என்று காட்டின. எல்லோரும் கைதட்டினார்கள்.

"சார், அதுக்க மூக்கு அடைச்சுக் கெடக்கு," என்றான் மாடசாமி. "தொடச்சிரட்டுமா?"

ஸ்வாமிநாதன் காதைப் பொத்திக்கொண்டார். "சுமங்கலி வெச்ச குங்குமத்தை அழிக்கறதா? நாக்கு அழுகிடும்! ஜீரோ காட்டறதோல்லியோ? நமக்கு வேண்டியது ஜீரோதானே?"

மூன்றாம் நாள் முதல்கட்ட ஆடிட்டுக்கு கானிட்கர் என்பவர் வந்தார். மூக்குக்கண்ணாடியும் சிரிக்காத முகமுமாக ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, இந்த டிடெக்டர் சரியாகக் காட்டுகிறது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். சோதனை வாயு சிலிண்டர் வாங்கிப் பரீட்சிக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. வாங்கவில்லை. பர்சேஸில் மூன்று கொட்டேஷன் கேட்டிருந்தார்கள், ஒன்றுதான் வந்திருந்தது. ஸ்வாமிநாதனுக்கு வியர்த்துவிட்டது. சட்டென்று மாடசாமியை இழுத்து முன்னால் நிறுத்தினார்.

"இவன் மூக்கோட ஒப்பிட்டுப் பாக்கறோம் சார். டிடெக்டர் ஜீரோ, இவன் மூக்கும் ஜீரோ."

கானிட்கர் மாடசாமியின் மூக்கைச் சுற்றி வந்து பார்த்தார். "நல்லது. இந்த மூக்கு சரியாக இருக்கிறது என்பதற்குச் சர்டிபிகேட் எங்கே?"

அங்கேதான் ஆரம்பித்தது வினை. மூக்குக்குச் சர்டிபிகேட் இல்லையென்றால் டிடெக்டருக்கு இல்லை. டிடெக்டருக்கு இல்லையென்றால் கம்பெனிக்கு இல்லை. அன்று சாயங்காலமே மூக்குப் பரிசோதனைக் குழு கூடியது. மாடசாமியின் கண்ணைக் கட்டி, மூன்று டம்ளரை மூக்கடியில் நீட்டினார்கள்.

"அமோனியா," என்றான் முதலாவதற்கு.

"மோர். நேத்து மோரு."

மூன்றாவதுக்கு ஒரு கணம் யோசித்தான். "சார் வீட்டுக் காப்பி. சிக்கரி சாஸ்தி."

"சரியா சொல்லிட்டான்!" என்று ஸ்வாமிநாதன் குதித்தார். மாடசாமியின் மூக்கு, கருவிகள் பதிவேட்டில் நாற்பத்தேழாம் எண்ணாக ஏறியது. கெட்டுப்போகக்கூடிய பொருள் என்பதால் பத்து நாள் தவணை. விதிப்படி ஸ்டிக்கர் கருவியின் மேல்தான் இருக்க வேண்டும். ஆகவே வட்டமான பச்சை ஸ்டிக்கரில் அடுத்த தேதி எழுதி மூக்குத் தண்டில் ஒட்டினார்கள்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கிளம்பினால் கேட்டில் வாட்ச்மேன் மறித்தான். கம்பெனிக் கருவி வெளியே போகிறதே, கேட்பாஸ் எங்கே? மாடசாமி தாராளமாகப் போகலாம், மூக்கை வைத்துவிட்டுப் போகட்டும் என்றான். ஸ்வாமிநாதன் ஓடிவந்து, 'திருப்பிக் கொண்டுவர வேண்டிய சாமான்: மூக்கு, ஒன்று' என்று எழுதிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து தினம் இதே கதை.

வீட்டில் அவன் மனைவி தமிழரசி கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க இது, மூக்குல? ஆப்பிளுக்கு ஒட்டுவாவளே, அது மாதி?"

"பெர்மனன்ட் ஆக்குததுக்கு வழி," என்றான் மாடசாமி.

"மூஞ்சியக் களுவணுமே?"

"பத்து நாளு களுவப்படாது."

ஒன்பது வருஷம் காத்திருந்தவளுக்குப் பத்து நாள் என்ன? மூக்கை விட்டுவிட்டு மீதி முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

ஸ்டிக்கர் ஒட்டிய பதினோராம் நாள். தீபாவளிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அன்றுதான் கடைசி ஆடிட். கானிட்கர் மாலக்கின் அறையில் உட்கார்ந்து சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் மூன்று மணிக்கு உலைக் கூடத்துக்குள் காலை வைத்த மாடசாமி, பாம்பை மிதித்தவன்போல நின்றுவிட்டான். நாலாம் உலை வால்வு. லேசாட்டு இல்லை. மரை கழன்று வாயு பிய்த்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தது.

"சோபான்! கேஸ்! வெளிய ஓடு!"

உலை ஆபரேட்டர் சோபான் கண்ணைக் கசக்கிக்கொண்டே சுவரைக் காட்டினான். அங்கே டிடெக்டர் சாமந்திச் சருகுக்கு நடுவே 00 என்றது. "அரே மாடா, மிஷினே ஒண்ணுமில்லேங்குது. வாசனை தினமும்தானே வருது?" என்று தன் வேலையைப் பார்த்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. போன மாசம் அபாய ஒத்திகை நடத்தியபோது, கூப்பாடு போட்டு எல்லோரையும் வெளியே கொண்டுவர இருபத்து மூன்று நிமிஷம் ஆயிற்று. அதில் பன்னிரண்டு நிமிஷம் டீ.

மாடசாமி ஸ்வாமிநாதனிடம் ஓடினான்.

"சார், நாலாம் வால்வு போயிட்டு! சங்கை ஊதுங்க, எல்லாரையும் வெளிய அனுப்பணும்!"

"டிடெக்டர் என்ன காட்டறது?"

"ஜீரோ. ஆனா என் மூக்கு சொல்லுது சார்..."

ஸ்வாமிநாதன் அவன் மூக்குக்கு அருகே குனிந்து ஸ்டிக்கரைப் படித்தார். "நேத்தோட முடிஞ்சுடுத்தேய்யா! காலாவதியான கருவி சொல்றதை நான் எப்படி எடுத்துக்கறது? ஆடிட்டர் உள்ளே உக்காந்திண்டிருக்கார்!"

"அப்ப இப்பமே புது ஸ்டிக்கர் ஒட்டுங்க சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

"ஸ்டிக்கரே தீர்ந்துபோச்சு. பிரஸ்ஸுலேர்ந்து திங்கக்கிழமைதான் வரும்." சொல்லும்போதே அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. பாசத்தால் அல்ல. "அதோட, கேஸ்னு ஒரு வார்த்தை புக்குல ஏறினா ஒன் ஆர்டர் போயிடும். ஞாபகம் இருக்கட்டும்."

மாடசாமிக்கு ஞாபகம் இருந்தது. ஒன்பது வருஷம் இருந்தது. தமிழரசி முகம் இருந்தது. உள்ளே இருநூற்றுச் சொச்சம் உயிரும் இருந்தது. கேஸ் என்றால் ஆர்டர் போய்விடும். கேஸ் என்றாலும் ஒருத்தனும் நகரமாட்டான். அந்த நெருக்கடியில் அவனுக்கு எங்கிருந்துதான் புத்தி வந்ததோ! கூடத்தின் நடுவில் போய் நின்று, மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"கேட்டுல தீபாவளி மிட்டாய் டப்பா குடுக்காவ! மொதல்ல வாரவனுக்குத்தான்!"

அடேயப்பா! நாற்பது செகண்ட். இருநூற்றுப் பன்னிரண்டு தொழிலாளிகளில் மாடசாமியைத் தவிர ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்டில் வரிசையில் நின்றார்கள். கால் சுளுக்கு என்று மூன்று நாளாக உட்கார்ந்தே இருந்த ஸ்டோர் கீப்பர்தான் முதல் ஆள். ஸ்வாமிநாதன் ஏழாவது. அறைக்குள்ளிருந்து ஓடிவந்த கானிட்கரும் கையில் சமோசாவோடு வரிசையில் நின்று, "கம்பெனி ஆட்களுக்கு மட்டும்தானா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மாடசாமி ஈரச் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு, பின்கட்டுக்குப் போய், அமோனியா சிலிண்டர்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, வாசலில் வந்து விழுந்தான். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

கானிட்கர் வாட்சைப் பார்த்து அசந்துபோனார். "நாற்பது செகண்டில் ஆலையே காலி! இது உலகத் தரம்!" அதே இடத்தில் கையெழுத்துப் போட்டார். சர்டிபிகேட் வந்துவிட்டது. டிடெக்டர் பதிவுப்படி அன்றைய கசிவு 00. கசிவே இல்லாததால் யாரும் ஆபத்தில் இல்லை. யாரும் ஆபத்தில் இல்லாததால் யாரையும் யாரும் காப்பாற்றவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு குற்றம். கம்பெனி அறிவிக்காத மிட்டாய் டப்பாவை அறிவித்தது யார்?

மாலக் கொதித்தார். உடனே விசாரணை என்றார். இங்கே ஒரு சட்டச் சிக்கல் வந்தது. ஒழுங்கு நடவடிக்கை விதிகள் நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் பொருந்தும். டெம்பரரியின் மேல் குற்றப்பத்திரிகை போட முடியாது. ஸ்வாமிநாதன் இரவெல்லாம் யோசித்து வழி கண்டார். மறுநாள் மாடசாமி கையில் ஒரே கவரில் இரண்டு கடிதம் வந்தது.

தமிழரசி முதல் கடிதத்தைப் பிரித்தாள். 'தங்களை நிரந்தர ஊழியராக நியமிப்பதில் மகிழ்ச்சி அடைகிறோம்.' அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சேமியாவை எடுத்து அடுப்பில் பாயசம் வைத்துவிட்டாள். பாயசம் கொதித்து வரும்போதுதான் மாடசாமி இரண்டாவதைப் படித்துக் காட்டினான். 'நிரந்தர ஊழியராகிய தாங்கள் வதந்தி பரப்பிய குற்றத்துக்காக...'

"பாயசத்தை எறக்கிரட்டுமா?" என்றாள்.

"எறக்காத. நாந்தான் பெர்மனன்ட் ஆயிட்டேனே. யூனியன் நமக்கு இருக்கு," என்றான். நம்பித்தான் சொன்னான் பாவி.

யூனியன் கூட்டத்தை உலைக் கூடத்திலேயே போட்டார்கள். சர்டிபிகேட் விழாவுக்காகக் கான்டீனுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். நாலாம் வால்வைக் கம்பி போட்டு இறுக்கிச் சாக்கு சுற்றியிருந்தார்கள். புஸ்ஸென்று ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

தலைவர் கதம் மேடை ஏறினார். "தோழர்களே! நமக்கு நடந்திருப்பது மாபெரும் அநியாயம். வரிசையில் நின்றோம். டப்பா வரவில்லை!" கூடம் அதிர்ந்தது. நிர்வாகத்தோடு ராத்திரி முழுக்கப் போராடி ஒரு சமரசம் கண்டிருப்பதாகச் சொன்னார். எல்லோருக்கும் ஒரு கிலோ மிட்டாய் டப்பா. பதிலுக்கு மாடசாமியை வேலையை விட்டு நீக்குவதை யூனியன் எதிர்க்கக் கூடாது. "சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம்!"

மாடசாமி மேடையருகே ஓடினான். "அண்ணே, அன்னிக்கு கேஸு கசிஞ்சது நெசம்! நான் கத்தலைன்னா நீங்க ஒருத்தரும் இன்னிக்கு இங்க நிக்கமாட்டிய!"

கதம் சுவரைப் பார்த்தார். 00. "சர்டிபிகேட் வாங்கின மிஷினை விடவா நீ?"

சோபான் மெல்ல வந்து அவன் தோளைத் தொட்டான். "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு மாடா. வீட்டுல பிள்ளைங்ககிட்ட டப்பா வரும்னு சொல்லிட்டேன்," என்றான். அவன் குரல் ஜலதோஷக்காரன் குரல் மாதிரி இருந்தது. சொல்லிவிட்டு அவனும் கையைத் தூக்கினான்.

மாடசாமி சுற்றிலும் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணினான். இருநூற்றுப் பதினொரு கை மேலே இருந்தது. மற்ற இருநூற்றுப் பதினொரு கையும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது.